ஆமை புகுந்த அபார்ட்மென்ட்

2024 ஏப்ரல்ல ஒரு ராத்திரி, மணி ரெண்டே கால் இருக்கும், வாட்ச்மேன் அண்ணன் போன் பண்ணி "சார் கொஞ்சம் கீழ வாங்க, கார் பார்க்கிங்ல பல்லி மாதிரி என்னமோ நெறைய ஓடுது, ஆனா பல்லி இல்ல"ன்னார். தூக்கக் கலக்கத்துல எனக்கு ஒண்ணும் புரியல, பாம்புக் குட்டியா இருக்குமோன்னு பயந்துக்கிட்டே கையில ஒரு தொடப்பத்த எடுத்துக்கிட்டு இறங்கிப் போனேன்.

பாம்பு இல்ல. ஆமைக் குஞ்சு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னதா, கருஞ்சாம்பல் கலர்ல, முதுகு பூரா ஈர மண்ணு ஒட்டிக்கிட்டு, சிமெண்ட் தரையில சர்ரு சர்ருன்னு சத்தம் வர அளவுக்கு துடுப்பு போட்டுக்கிட்டு போகுது. ஒண்ணு ரெண்டு இல்ல. எல்லாம் ஒரே பக்கமா, காம்பவுண்ட் சுவர்ல நாங்க மாட்டியிருந்த ஃபோக்கஸ் லைட்டைப் பாத்து. சுவர் வரைக்கும் வந்துட்டு மேல போக முடியாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சரிஞ்சு விழுந்து, திரும்ப ஏறி, அங்கயே குமிஞ்சு கெடந்துச்சுங்க. ஒரு நாலஞ்சு என்னோட கார் டயருக்கு அடியில.

அந்த லைட்டு மாட்டினது நான்தான். அதை முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டு வருஷமா நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி, கீழ நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டர் திருடு போனதும் எல்லாரும் கத்தினாங்க, நான் போய் கடையில இருக்கறதுலயே பவரான எல்இடி 200 வாட்ஸ் எதுன்னு கேட்டு வாங்கி, கடலைப் பாத்த மாதிரி மாட்டிட்டு, "இனிமே ஒரு பூனை கூட தெரியாம உள்ள வர முடியாது"ன்னு வாட்ஸப் குரூப்ல போட்டேன். முப்பத்தி ரெண்டு தம்ஸ் அப் வந்துச்சு. எங்க பில்டிங் கொட்டிவாக்கம் பக்கம், கடலுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு தார் ரோடு, ஒரு காலி மனை, அப்புறம் மணல், அவ்வளவுதான்.

என் பொண்ணு ஸ்கூல்ல எப்பவோ ஆமை பத்தி பேச வந்தவங்க குடுத்த நம்பர் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்துச்சு. அதுக்கு போன் போட்டேன், அந்த நேரத்துலயும் ரெண்டாவது ரிங்ல எடுத்தாங்க. நான் கதை சொல்ல ஆரம்பிச்சதும் அந்தப் பையன் நடுவுல நிறுத்தி, "சார் மொதல்ல அந்த லைட்ட ஆஃப் பண்ணுங்க, அப்புறம் பேசலாம்"னான். அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னான். பக்கெட்ல தண்ணி ஊத்தாதீங்க, ஈர மணல் கொஞ்சம் போட்டா போதும், மேல ஒரு துணி போடுங்க, எண்ணிக்கிட்டே எடுங்க, ரோட்டுல பாத்து நடங்க.

ரோட்டுல பாத்து நடங்கன்னு ஏன் சொன்னான்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. தார் ரோட்டுல ரெண்டு நசுங்கிக் கெடந்துச்சு. ஏதோ ஆட்டோ போயிருக்கும். பாவம் அவனுக்கு என்ன தெரியும்.

மொத்தம் 41 எடுத்தோம். அந்தப் பையன் இருபது நிமிஷத்துல பைக்ல வந்துட்டான், காலேஜ் படிக்கிற வயசு, டார்ச் வாயில செவப்பு பேப்பர் ஒட்டியிருந்தான். பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு இருட்டுல மணலுக்குப் போனோம். நேரா தண்ணியில கொட்டிடலாம்னு நான் நெனச்சேன், அவன் விடல, அலை வர்ற எடத்துக்கு ஒரு பத்து பதினஞ்சு அடி முன்னாடி மெதுவா கவுத்தான். அது தானா நடந்து போகணுமாம். எங்களைப் பின்னாடி வந்து நிக்கச் சொல்லிட்டான், ஏன்னா நம்ம கால் தடமே அதுக்குப் பெரிய பள்ளம். நெசம்தான், என் செருப்புத் தடத்துல ஒண்ணு விழுந்து, ஏறவே ரொம்ப நேரம் கஷ்டப்பட்டுச்சு. தொடக்கூடாதுன்னு சொல்லிட்டதால நான் கையைக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டு நின்னேன். மொத அலை வந்து தொட்டதும் எல்லாம் ஒரு செகண்ட் அப்படியே தூக்கிப் போட்ட மாதிரி பின்னால வந்துச்சு, அடுத்த அலையில பாதி காணோம்.

குஞ்சுங்க ஏன் லைட்டுக்கு வந்துச்சுன்னா, அது தப்பு பண்ணல, கரெக்டாதான் பண்ணுச்சு. மணலுக்குள்ள முட்டை ஒடைஞ்சதும் உடனே வெளிய வராது, ரெண்டு மூணு நாள் எல்லாம் சேந்து உள்ளயே மேல மேல தோண்டும், ஒண்ணு அசைஞ்சா பக்கத்துல இருக்கறதும் அசையும், மேல இருந்து மண்ணு கீழ சரியும், அது மேல ஏறி நிக்கும், லிஃப்ட் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மேல வரும். மேல் மண்ணு சூடா இருந்தா வெயில் இருக்குன்னு அர்த்தம், அங்கயே நின்னுடும். மண்ணு சில்லுன்னு ஆனதும் ராத்திரின்னு தெரிஞ்சு மொத்தமா கெளம்பும். வெளிய வந்ததும் அதுக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம், தாழ்வா எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் போகணும். கோடிக்கணக்கான வருஷமா அந்த வெளிச்சம் கடலாதான் இருந்துச்சு, ஏன்னா நிலாவோ நட்சத்திரமோ தண்ணியில பட்டு மின்னும், கரைப் பக்கம் மரமும் மேடும் இருட்டா இருக்கும். இப்ப கரைப் பக்கம் நான் இருக்கேன், 200 வாட்ஸோட. அதுலயும் வெள்ளை எல்இடில நீல வெளிச்சம் ஜாஸ்தி, அதுதான் அதுங்க கண்ணுக்கு ரொம்ப இழுக்கும், செவப்பும் ஆரஞ்சும் அவ்வளவு இழுக்காது. டார்ச்ல செவப்பு பேப்பர் அதுக்குத்தான்.

மறுநாள் காலையில அந்தப் பையனோட ஆளுங்க, ராத்திரி கரையில நடந்து ஆமைக் கூடு தேடறவங்க, வந்து அந்தக் கூட்டைக் கண்டுபிடிச்சாங்க, காலி மனைக்கு நேரா. இந்தக் கூடு அவங்க கண்ணுல படாம போயிடுச்சாம், தடத்தை அலை அழிச்சிருக்கும். தோண்டி முட்டை ஓடுங்களை எண்ணினாங்க. ஒடைஞ்ச ஓடு 97. என்கிட்ட இருந்தது 41, ரோட்டுல ரெண்டு. மீதி 54. அதெல்லாம் ஒழுங்கா கடலுக்குத்தான் போச்சுன்னு நான் நம்பிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு காலையில காலி மனையில காக்கா கூட்டம் ஜாஸ்தியா இருந்ததையும் நான் பாத்தேன்.

எங்கம்மா ஒரு பக்கம். விஷயம் கேட்டதும் மொதல்ல சொன்னது "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா". நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவே விரல் விட்டு எண்ணிட்டு, "ஒண்ணு புகுந்தாலே உருப்படாதுங்கறாங்க, இது நாப்பத்தி ஒண்ணு"ன்னு சாயங்காலம் பிள்ளையாருக்கு தேங்கா ஒடைச்சாங்க. நான் சொல்லிப் பாத்தேன், அம்மா அது வீட்டுக்குள்ள வரல, கார் பார்க்கிங் வரைக்கும்தான், அதுவும் காமன் ஏரியான்னு. காமன் ஏரியான்னா எல்லார் வீட்டுக்கும் சேத்துத்தானேன்னாங்க. அதுக்கு மேல எனக்குப் பேச வரல.

குற்ற உணர்ச்சியோ என்னமோ, அடுத்த சீசனுக்கு நானும் பொண்ணும் ராத்திரி ஆமை நடைக்கு, அதாவது கரையில நடந்து ஆமையும் கூடும் தேடறதுக்கு, போக ஆரம்பிச்சோம். சென்னையில இது ரொம்ப நாளா நடக்குது. 1970கள்லயே சென்னைப் பாம்புப் பண்ணையை ஆரம்பிச்ச ரோமுலஸ் விட்டேகரும் சதீஷ் பாஸ்கரும் இன்னும் சில பேரும் இந்தக் கரையில ராத்திரி ராத்திரியா நடந்திருக்காங்க. 1988ல இருந்து மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு, காலேஜ் பசங்க ஆரம்பிச்சது, சீசன் பூரா தினமும் நடக்கறாங்க. சதீஷ் பாஸ்கர் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுக்கிட்டிருந்தவர், படிப்பை விட்டுட்டு இந்தியக் கடற்கரை பூரா ஆமை தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர். 1982ல மழைக்காலம் பூரா லட்சத்தீவுல சுஹேலின்னு ஆளே இல்லாத தீவுல தனியா தங்கிட்டார், மழைக்காலத்துல படகு போகாது, போனா மாசக் கணக்குல திரும்ப முடியாது. பொண்டாட்டிக்கு ஒரு லெட்டர் எழுதி பாட்டில்ல போட்டு கடல்ல விட்டிருக்கார், அது இலங்கைக் கரையில ஒதுங்கி, அங்க ஒரு மீனவர் எடுத்து தபால்ல அனுப்பி அவங்க வீட்டுக்கே போய்ச் சேந்துடுச்சு. நான் வேளச்சேரிக்கு அனுப்பற கூரியரே சில சமயம் திரும்பி வருது.

நடை நீலாங்கரையில ஆரம்பிச்சு பெசன்ட் நகர் வரைக்கும், ஏழு கிலோமீட்டர் கிட்ட. ராத்திரி பதினொண்ணுக்கு மேல கெளம்பினா முடியறப்ப விடிய ஆரம்பிச்சிருக்கும். நம்ம கரைக்கு முக்கியமா வர்றது பங்குனி ஆமை. பேர்லயே மாசம் இருக்கு பாருங்க. ஆனா தை, மாசியிலயே வர ஆரம்பிச்சுடும். ஒடிசால ருஷிகுல்யா, கஹிர்மாதாவுல லட்சக்கணக்குல ஒரே சமயத்துல ஏறும், நம்ம ஊர்ல அப்படி இல்ல, ஒண்ணு ஒண்ணா, யாருக்கும் சொல்லாம வந்துட்டுப் போகும்.

2025 ஜனவரியில மொத தடவ போனோம். செத்த ஆமைங்களைத்தான் பாத்தோம். அந்த ஒரு ராத்திரியில மட்டும் ஒம்பது. நியூஸ்ல எல்லாரும் பாத்திருப்பீங்க, அந்த ஜனவரியில மட்டும் சென்னையிலயும் சுத்து வட்டாரக் கரையிலயும் ஆயிரத்துக்கு மேல செத்து ஒதுங்குச்சு, பசுமைத் தீர்ப்பாயம் தானாவே கேஸ் எடுத்துச்சு. நியூஸ்ல நம்பரா பாக்கறது வேற, கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி, வயித்துல முட்டையோட கெடக்கறதைப் பாக்கறது வேற. நாப்பது கிலோ இருக்கும் ஒவ்வொண்ணும். ஒரே ஆமையை ரெண்டு தடவ எண்ணிடக்கூடாதுன்னு ஓட்டுல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுட்டு நகந்தாங்க. என் பொண்ணு மூணாவதுக்கு மேல கிட்ட வரல.

குப்பத்துல வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட பேச்சு குடுத்தேன். "மூச்சு முட்டி செத்தது சார் இது. ஆமைக்கு நம்மள மாதிரிதான், மேல வந்து மூச்சு விட்டாகணும். இழுவை மடியில மாட்டினா மணிக்கணக்குல தண்ணிக்குள்ளயே இழுத்துக்கிட்டுப் போறானுங்க, அது எங்க மேல வரது"ன்னார். சட்டப்படி விசைப்படகு கரையில இருந்து அஞ்சு கடல் மைலுக்குள்ள மீன் பிடிக்கக்கூடாது. ஆமைங்க அந்தச் சமயத்துல சுத்தறதும் கரை ஓரமா அதே எடத்துலதான். இழுவை வலையில ஆமை மட்டும் வெளிய போற மாதிரி கம்பி வச்ச ஒரு கதவு இருக்கு, அது வழியா கொஞ்சம் மீனும் போயிடும்னு மாட்ட மாட்டேங்கறாங்க. அவங்க டீசல் செலவு அவங்களுக்கு. நான் யாரையும் திட்ட வரல, 200 வாட்ஸ் மாட்டினவனுக்கு அந்த யோக்கியதை கெடையாது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல. நம்ம கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அது மீன் இனப்பெருக்கத்துக்குன்னு வச்சது. ஆமை முட்டை போட வர்றது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். அதாவது அம்மாங்க எல்லாம் செத்து முடிச்சப்புறம்தான் கடல் அமைதியாவுது.

மூணு தடவ நடந்தும் உயிரோட ஒண்ணு கூட பாக்கல. நாலாவது தடவ, மாசி மாசம், திருவான்மியூர் தாண்டினதும் முன்னாடி போனவங்க சட்டுனு கையைத் தூக்கினாங்க. எல்லாரும் அப்படியே ஒக்காந்துட்டோம். மணல்ல ட்ராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம், கடல்ல இருந்து மேல ஏறியிருக்கு, திரும்பி வந்த தடம் இல்ல. அப்படின்னா மேலதான் இருக்கா.

குழி தோண்டற வரைக்கும் கிட்ட போகக்கூடாது, ஆள் நடமாட்டமோ வெளிச்சமோ தெரிஞ்சா திரும்பிப் போயிடும். முட்டை விழ ஆரம்பிச்சதும் அதுக்கு ஒரு மயக்கம் மாதிரி வந்துடும், அப்பதான் பின்பக்கமா நாலு நாலு பேரா கூட்டிட்டுப் போனாங்க. நான் நெனச்சுக்கிட்டிருந்தது கை மாதிரி இருக்கற முன் துடுப்புல தோண்டும்னு. இல்ல, பின் துடுப்புலதான், அதுவும் திரும்பிப் பாக்காமயே. குழி வாய் சின்னதா உள்ள அகலமா, ஒன்றரை அடி ஆழம், பானை மாதிரி. முட்டை டேபிள் டென்னிஸ் பால் சைஸ்ல, ஓடு கெட்டியா இல்லாம தோல் மாதிரி, ரெண்டு மூணா கொழகொழன்னு விழுது. ஒடையாததுக்குக் காரணம் அதுதான். கண்ணுல தண்ணி வழிஞ்சுச்சு. பக்கத்துல ஒரு அக்கா "பிரசவ வலி பாவம்"னு அவங்களும் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க, அது ஒடம்புல இருக்கற உப்பை வெளிய தள்ற சுரப்பின்னு வாலன்டியர் சொன்னான், அந்தக்கா கேட்ட மாதிரி தெரியல.

முடிஞ்சதும் மண்ணைத் தள்ளி மூடிட்டு அது பண்ணினதுதான் எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. ஒடம்பை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சாச்சு, தொம் தொம்முனு மண்ணை இடிக்குது. அடி வயித்துல ஓடு மண்ணுல படற சத்தம், உக்காந்திருந்த எங்க காலுக்கு அதிருது. கல்யாண வீட்டுல தூரத்துல தவில் கேக்குமே அது மாதிரி. அப்புறம் முன் துடுப்புல நாலா பக்கமும் மண்ணை வாரி எறிஞ்சு, எங்க மூஞ்சியிலயும் எறிஞ்சு, எது குழின்னு தெரியாம பண்ணிட்டு, திரும்பிப் பாக்காம கடலுக்குப் போயிட்டா. மொத்தமா ஒரு மணி நேரம் கூட ஆவல.

மீன் பாத்து, ஆமை நெனச்சு, பறவை தொட்டு குஞ்சு பொரிக்கும்னு பெரியவங்க சொல்வாங்கல்ல, ஆமை எங்கயோ கடல்ல இருந்து முட்டையை நெனச்சுக்கிட்டே இருக்கும், அந்த நெனப்புலயே பொரிஞ்சுடும்னு. சங்கப் பாட்டு ஒண்ணுல இன்னும் ஒரு படி மேல, அடும்புக் கொடி படந்த மணல்ல பொதைச்ச புலால் நாத்தமடிக்கற முட்டையை ஆண் ஆமை காவல் காக்கும்னு வருது. அடும்பும் நாத்தமும் நூத்துக்கு நூறு சரி, இப்பவும் அப்படித்தான். ஆண் ஆமை விஷயத்துல புலவர் கொஞ்சம் மரியாதைக்காக சேத்துட்டாங்க போல. குஞ்சா கடலுக்குள்ள போன ஆண் ஆமை அதுக்கப்புறம் கரைக்கே வர்றதில்ல. பொறுப்பெல்லாம் வெயிலும் மணலும்தான் பாத்துக்குது. மணல் சூடு ஜாஸ்தியா இருந்தா பொண்ணு, கம்மியா இருந்தா ஆணு, முப்பது டிகிரி ஒட்டி அந்தப் பக்கம் இந்தப் பக்கம். வருஷா வருஷம் வெயில் ஏறிக்கிட்டே போனா எல்லாம் பொண்ணாவே பொறக்கும்னு ஒரு கவலை வேற இருக்கு.

முட்டையை அவங்க உடனே துணிப் பைக்கு மாத்தினாங்க, 118 இருந்துச்சு, என் பொண்ணுதான் எண்ணினா. அப்படியே விட்டா விடியறதுக்குள்ள நாய் தோண்டிடும். சில மணி நேரத்துக்குள்ள மாத்திடணும், லேட்டானா உள்ள கரு ஓட்டுல ஒட்டிக்கும், அப்புறம் பொரட்டினா போச்சு. பொரிப்பகத்துல மூங்கில் வேலிக்குள்ள அதே ஆழத்துக்கு கையாலயே பானைக் குழி தோண்டி பொதைச்சு, தேதி எழுதின குச்சி நட்டாங்க. 45 நாள்ல இருந்து 55 நாள் ஆகும்.

அந்த வாரம்தான் அசோசியேஷன் மீட்டிங் வச்சேன். லைட்டை எடுக்கணும்னதும் ஸ்கூட்டர் தொலைச்சவர் எழுந்துட்டார், "ஆமைக்குப் பாக்கறீங்க, மனுஷனுக்கு யார் பாக்கறது"ன்னு. தப்பு சொல்ல முடியாது, அவர் இன்னும் இஎம்ஐ கட்டிக்கிட்டிருக்கார். ஒன்றரை மணி நேரம் இழுத்துச்சு. கடைசியில வெள்ளை லைட்டை எடுத்துட்டு, ஆரஞ்சு கலர் சின்ன பல்பு, தலையில ஒரு தகர மூடி போட்டு வெளிச்சம் கீழ தரையில மட்டும் விழற மாதிரி இடுப்பு ஒசரத்துல மாட்டிக்கலாம், கேமரா ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டுக்கலாம்னு முடிஞ்சுச்சு. பழைய 200 வாட்ஸ் மோட்டார் ரூம்ல தூங்குது. கடல் பாத்த பால்கனி லைட்டு மட்டும் ஒவ்வொரு வீட்டுக்காரங்க இஷ்டம்னு விட்டாச்சு, அதுக்கு மேல நான் அழுத்தம் குடுத்தா என்னையே செக்ரட்டரில இருந்து தூக்கிடுவாங்க. அது கூட நல்லதுதான், ஆனா இப்ப வேணாம்.

நேத்து ராத்திரி ஒம்பதரைக்கு ஆஃபீஸ்ல இருந்து வந்து லேப்டாப்போட பால்கனியில ஒக்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். லைட்டு எரியல. ரெண்டு தடவ தட்டினேன். அம்மா உள்ள இருந்து, "பல்பை கழட்டி வச்சிருக்கேன், பங்குனி முடியட்டும்"னாங்க. ஆமை புகுந்தா உருப்படாதுன்னு பயந்தா அதை வரவிடாம பண்ணணும்தானேன்னு அம்மா கணக்கு. பக்கத்து ரெண்டு வீட்டுலயும் இருட்டா இருந்துச்சு. அவங்க பல்பையும் அம்மாதான் கழட்டச் சொல்லியிருக்காங்கன்னு வாட்ச்மேன் அண்ணன் காலையில சொல்றார்.